கேட்டவர் கடன்

மருத்துவத்தின் பழைய ஒழுங்கு முறைப்பாட்டிலிருந்து தொடங்குவது. நோயுற்றவர் வைத்தியரை நாடி வருகிறார். தம் வருத்தத்தைக் கூறுகிறார். வைத்தியர் அதற்குப் பரிகாரம் தேடுகிறார். இவ்வொழுங்கில் முதற்சொல் நோயாளருடையது. எதைச் சொல்வது, எதை மறைப்பது, எவ்விடத்தில் நிறுத்துவது என்பன அவருடைய விருப்புக்கு உட்பட்டவை. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இவ்வொழுங்கு பெரியதொரு மாற்றத்துக்கு உள்ளாயிற்று. முறைப்பாடு செய்யாதவரிடத்தும் நோய் இருக்கலாம் என்றும், அதனைக் காலந்தாழ்த்தாது தேடிக் காண்பது மருத்துவத்தின் பணி என்றும் ஒரு கொள்கை வலுப்பெற்றது. ஆங்கிலத்தில் ஸ்கிரீனிங் எனப்படும் இம்முறையைத் தேடற்சோதனை எனலாம். காசநோயைக் காண எடுக்கப்படும் மார்புக் கதிர்ப்படம், குருதியமுக்க அளவீடு முதலியன அதற்கு நன்கறியப்பட்ட எடுத்துக்காட்டுக்கள். நாளடைவில் மனித உள்ளத்தின் துயரமும் இத்தேடலின் எல்லைக்குள் வந்தது. அங்கே பயன்படும் கருவி கதிர்ப்படமன்று, வினா.

குருதியமுக்கத்தை அளப்பதற்கும் துயரத்தை வினவுவதற்கும் இடையிலுள்ள வேறுபாடு சிறிதன்று. அளவுகருவி கையைச் சுற்றி இறுகித் தளர்ந்ததும் அதன் வேலை முடிந்துவிடுகிறது. உறக்கம் உண்டா, எதிலேனும் விருப்பம் உண்டா, இறந்துபோனால் நன்று என்ற எண்ணம் வருவதுண்டா என வினவப்பட்டவரோ தம் வாழ்க்கையை ஒருமுறை திரும்பிப் பார்த்த பின்னரே விடை கூறல் இயலும். தற்கொலை பற்றி வினவுதல் அவ்வெண்ணத்தை உள்ளத்தில் விதைத்துவிடும் என்ற பழைய அச்சத்தை ஆய்வுகள் மெய்ப்பிக்கவில்லை. எனினும் வினா ஒன்றை விதைக்கவே செய்கிறது; அது எதிர்பார்ப்பு. கேட்டவர் ஏதோ செய்வார் என்று கேட்கப்பட்டவர் எண்ணுவது இயல்பு. இவ்வெதிர்பார்ப்பிலிருந்தே ஓர் ஒழுக்கவியற் சிக்கல் எழுகிறது. சொல்லப்படாத துயரத்தைத் தேடிச் சென்று கேட்கும் உரிமை ஒருவருக்கு எவ்வாறு உண்டாகிறது? கேட்டபின் அவருக்கு உண்டாகும் கடன் யாது?

இத்தகைய வினாக்கொத்துக்களின் வரலாறு நீண்டதன்று. இங்கிலாந்தின் உளமருத்துவர் டேவிட் கோல்ட்பேர்க் 1972இல் 60 வினாக்கள் கொண்ட பொதுச் சுகாதார வினாக்கொத்தை வெளியிட்டார். பின்னர் அது 30, 28, 12 வினாக்களாகச் சுருக்கப்பட்டது. பொது வைத்தியரிடம் உடல் வருத்தங்களோடு வருவோரிடை உளத்துயர் பரவலாக இருப்பதையும், அதிற் பெரும்பகுதி இனங்காணப்படாமற் போவதையும் இத்துறை ஆய்வுகள் வெளிப்படுத்தின. 1999இல் அமெரிக்காவில் நோயாளர் சுகாதார வினாக்கொத்து உருவாக்கப்பட்டது. மனச்சோர்வு பற்றிய அதன் பகுதியில் ஒன்பது வினாக்கள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை புள்ளி, மொத்தம் 27. 10ஐ எட்டியவர் மேலும் ஆராயப்பட வேண்டியவராகக் கருதப்படுவார். சில நிமிடங்களில் நிரப்பத்தக்க இத்தாள் இன்று உலகின் பல நாடுகளிலும் வழங்குகிறது. தமிழ் பேசும் மக்களிடத்தும் அது வந்து சேர்ந்தது. அவ்வாறு வந்து சேர்ந்த இடங்களுள் ஒன்று புத்தளம் மாவட்டம்.

1990 ஒக்டோபர் மாதத்தில் தமிழீழ விடுதலைப் புலிகள் வடமாகாணத்து முஸ்லிம்களை அவர்தம் பிறப்பிடங்களிலிருந்து வெளியேற்றினர். யாழ்ப்பாண நகரில் அம்மக்களுக்கு அளிக்கப்பட்ட அவகாசம் ஏறத்தாழ இரண்டு மணித்தியாலம். 70,000 பேருக்கு மேற்பட்டோர் சில நாட்களுள் வீடும் தொழிலும் உடைமையும் இழந்தனர். மன்னார்த் தீவினின்று பலர் வள்ளங்களிற் கற்பிட்டிக் கரையை அடைந்தனர். ஏனையோரிற் பெருந்தொகையினர் தரைவழியே புத்தளத்தை வந்தடைந்தனர். பள்ளிவாசல்களும் பாடசாலைகளும் தென்னந்தோட்டங்களும் அவர்களுக்குப் புகலிடமாயின. புத்தளத்து மக்கள் சோறும் நிலமும் பகிர்ந்தளித்தனர். களப்புக்கும் கடலுக்கும் இடைப்பட்ட மணற்றரையிற் கிடுகுக் குடிசைகள் எழுந்தன. சில மாதங்களுக்கென அமைந்த முகாம்கள் ஆண்டுகளைக் கடந்தன. வணிகராயும் கமக்காரராயும் வாழ்ந்தவர் பலர் பிறருடைய வெங்காயத் தோட்டங்களிலும் உப்பளங்களிலும் நாட்கூலிக்குச் சென்றனர். முகாமிற் பிறந்த பிள்ளைகள் முகாமிலேயே வளர்ந்து பெற்றோராயினர்.

இவ்வாறு இருபது ஆண்டுகள் சென்றபின், 2011இல், செஸ்மல் சிறிவர்தன, அதுல சுமதிபால ஆகியோரும் அவர்தம் குழுவினரும் இம்மக்களிடையே ஆய்வொன்றை நடத்தினர். கொம்றெயிட் என அறியப்படும் அவ்வாய்வில், 141 குடியிருப்புக்களிலிருந்து 18 முதல் 65 வயது வரையான 450 பேர் தெரிந்தெடுக்கப்பட்டு வினவப்பட்டனர். 2013இல் வெளியான முடிவுகளின்படி, 18.8 வீதமானோரிடத்து, அதாவது ஏறத்தாழ ஐவருள் ஒருவரிடத்து, பொதுவான உளநோய்களுள் ஒன்றேனும் காணப்பட்டது. கடும் மனச்சோர்வு 5.1 வீதம்; ஏனைய மனச்சோர்வு நிலைகள் 7.3 வீதம், பதகளிப்பு நோய் 1.3 வீதம். அழிவு நிகழ்ச்சிகளுக்குப் பின் எழுவதாகப் பெரிதும் பேசப்படும் நெருக்கீட்டு நோய் 2.4 வீதமே. இவை எல்லாவற்றினும் மிகுந்து நின்றது, உளத்துயர் உடல் வருத்தமாக வெளிப்படும் நிலை. அதன் அளவு 14 வீதம்.

இவ்வெண்களே தேடற்சோதனைக்குச் சார்பான முதல் நியாயத்தை வழங்குகின்றன. முறைப்பாடு செய்பவருக்கே மருத்துவம் என்னும் ஒழுங்கு, முறைப்பாடு செய்யவல்லார்க்கே நீதி வழங்கும் ஒழுங்காகவும் முடிகிறது. தம் வருத்தத்துக்குப் பெயர் தெரியாதவரும், பெயர் தெரிந்தும் சொல்ல நாணுபவரும், தமக்கு நேர்ந்ததே எல்லோருக்கும் நேர்ந்தது. இதில் முறையிட என்ன உண்டு என அடங்கிப் போனவரும் அவ்வொழுங்கின் கண்ணிற் படுவதில்லை. முஸ்லிம் மக்களிடையே சபூர் எனப்படும் பொறுமை உயர்ந்ததோர் அறம். அப்பொறுமை இருபது ஆண்டுகளாகப் பலரைத் தாங்கி நின்றிருக்கும். ஆயின் பொறுத்திருப்பவர் நோவு அற்றவர் எனக் கொள்வது, அவருடைய பொறுமையைத் தனக்குச் சாதகமாகப் பயன்படுத்திக்கொள்வதாகும். மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்பது சபையிற் செல்லலாம், நோயாளரிடத்துச் செல்லாது. ஆகவே கேளாதிருப்பதும் ஒரு செயலே. அதற்கும் பொறுப்பு உண்டு.

எனினும் எதிர்நியாயமும் வலுவுடையது. 1968இல் உலக சுகாதார நிறுவனத்துக்காக வில்சன், யுங்னர் என்னும் இருவர் தேடற்சோதனைக்குரிய பத்து நெறிகளை வகுத்தனர். நோய் முக்கியமானதாக இருத்தல் வேண்டும். அதற்கு ஏற்றுக்கொள்ளப்பட்ட சிகிச்சை இருத்தல் வேண்டும். நோயை உறுதிசெய்வதற்கும் சிகிச்சையளிப்பதற்கும் வசதிகள் கிடைத்தல் வேண்டும். நோயைத் தேடுவது ஒருமுறையோடு நின்றுவிடாத தொடர்பணியாதல் வேண்டும் என்பன அவற்றுட் சில. இந்நெறிகள் நிருவாகக் குறிப்புக்கள் போலத் தோன்றினும் அவற்றின் அடியில் ஓர் ஒழுக்க விதி கிடக்கிறது. விடைக்குப் பின் செய்யத்தக்கது ஒன்றுமில்லையெனின் வினாவைக் கேட்கும் உரிமையும் இல்லை என்பதே அது.

கணக்கின் வழியாகவும் இவ்வெதிர்நியாயத்தை விளக்கலாம். 1,000 பேர் வினவப்படுவதாகவும், அவர்களுள் 100 பேர் உண்மையில் மனச்சோர்வுற்றோர் எனவும் கொள்க. வினாக்கொத்து நோயுள்ளோரில் 85 வீதமானோரைச் சரியாகப் பிடிக்கிறது; நோயற்றோரில் 85 வீதமானோரைச் சரியாக விலக்குகிறது. அவ்வாறாயின் உண்மையான நோயாளர் 85 பேர் அகப்படுவர்; அவர்களோடு நோயற்றோர் 135 பேரும் அகப்படுவர். குறி விழுந்த 220 பேரில் அரைவாசிக்கு மேற்பட்டோர் நோயாளரல்லர். அவர்களைப் பிரித்தறிய நேரமும் பயிற்சியும் உடைய ஒருவர் வேண்டும். காலையில் நீண்ட வரிசை நிற்கும் வெளிநோயாளர் பிரிவில் அந்நேரம் எங்கிருந்து வரும்? இக்காரணங்களால் நாடுகளும் தம்முள் மாறுபட்டு நிற்கின்றன. 2013இல் கனடாவின் தடுப்பு மருத்துவக் குழு, அடிப்படைச் சிகிச்சை நிலையங்களில் வளர்ந்தோர் எல்லோரையும் மனச்சோர்வுக்காக வழமையாகச் சோதிக்க வேண்டாம் எனப் பரிந்துரைத்தது. 2016இல் ஐக்கிய அமெரிக்காவின் குழு சோதிக்கலாம் என்றது. ஆனால் சரியான நோய் நிர்ணயத்துக்கும் சிகிச்சைக்கும் தொடர் கவனிப்புக்கும் ஒழுங்குகள் இருத்தல் வேண்டும் என்ற நிபந்தனையையும் விதித்தது. ஒன்று மறுக்க மற்றொன்று இசைந்தது எனினும், வினா தனித்து நிற்கலாகாது என்பதில் இரண்டுக்கும் பெரிய முரண்பாடு இல்லை.

புத்தளத்து ஆய்வு இவ்விடத்தில் மேலும் ஒரு சிக்கலை வெளிக்கொணர்கிறது. துயரம் பெரும்பாலும் உடலின் வழியே பேசுகிறது என்றால், உளத்தைப் பற்றி மட்டும் வினவும் தாள் எதனைக் கேட்கிறது? நெஞ்சு எரிகிறது, கைகால் உளைகிறது, தலை சுற்றுகிறது என்று வரும் பெண்ணுக்கு அந்நோவு பொய்யன்று. "உனக்கு உடம்பில் ஒன்றுமில்லை, எல்லாம் மனத்தில்" என வைத்தியர் கூறுவாராயின், அது அவர் சொன்னதை நம்பவில்லை என்று கூறுவதேயாகும். அவ்வாறன்றி வலிநிவாரணி மாத்திரைகளை மட்டும் கொடுத்து அனுப்புவாராயின், சொன்னதன் பாதியையே அவர் கேட்டவராவார். உடலும் உள்ளமும் இருவேறு திணைக்களங்கள் என்பது மருத்துவமனையின் பிரிவினை, நோவுறுபவரின் பிரிவினையன்று.

இதற்கு விடைபோல அமையும் ஆய்வொன்று இலங்கையிலேயே நடந்தது. காரணம் புலப்படாத உடல் வருத்தங்களோடு அடிக்கடி வைத்தியரை நாடுவோர் 150 பேரை அதுல சுமதிபாலவும் அவர்தம் குழுவினரும் இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினர்க்குப் பயிற்சி பெற்ற பொது வைத்தியர்கள் அறிவுசார் நடத்தைச் சிகிச்சையை அளித்தனர். மற்றப் பிரிவினர்க்கு அச்சிகிச்சை இன்றி, குறித்த நேரத்தில் ஒழுங்காகச் சந்தித்து உரையாடும் கவனிப்பு அளிக்கப்பட்டது. 2008இல் வெளியான முடிவு, இரண்டுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்பது. சிகிச்சை முறையின் தோல்வியாக இதனைக் கொள்ளலாம். ஒருவர் மற்றொருவருக்காக நேரம் ஒதுக்கி, குறித்த நாளில் மீண்டும் காத்திருந்து, பொறுமையோடு கேட்டல் தன்னளவிலேயே ஒரு சிகிச்சையாகலாம் என்றும் கொள்ளலாம்.

கோவாவில் விக்ரம் பட்டேலும் குழுவினரும் நடத்தி 2010இல் வெளியிட்ட ஆய்வும் இத்துடன் ஒப்புநோக்கத்தக்கது. அங்கே அடிப்படைச் சுகாதார நிலையங்களுக்கு வருவோர் 12 வினாக்களால் சோதிக்கப்பட்டனர். குறி விழுந்தவர்களை மருத்துவப் பட்டம் பெறாத, பயிற்றப்பட்ட உள்ளூர் ஆலோசகர்கள் தொடர்ந்து கவனித்தனர். அரசாங்க நிலையங்களில், ஆறு மாதத்தின் பின் இக்கவனிப்பைப் பெற்ற நோயாளருள் 65.9 வீதமானோர் குணமடைந்தனர். வழமையான சிகிச்சை பெற்றோருள் 42.5 வீதமானோரே குணமடைந்தனர். தனியார் வைத்திய நிலையங்களில் இத்தகைய வேறுபாடு தெளிவாகக் காணப்படவில்லை. உளமருத்துவர் தொகை குறைந்த நாடுகளில் வினாவுக்குப் பின் எவருமில்லை என்ற சாக்கினை இவ்வாய்வு பெருமளவு பறித்துவிடுகிறது. வினாவுக்குப் பின் ஒருவரை நிறுத்துவது நிபுணர் தொகையை மட்டும் பொறுத்ததன்று. மனமிருந்தால் ஏனையோரும் பயிற்றப்படலாம்.

ஆயினும் எல்லாத் துயரமும் ஆலோசகரின் முன் தீர்வதன்று. கொம்றெயிட் ஆய்வில் உளநோயோடு தொடர்புற்று நின்ற நிலைமைகள் மூன்று: வேலையின்மை, கணவனையோ மனைவியையோ இழந்தோ பிரிந்தோ வாழ்தல், அடுத்த வேளை உணவுக்கு உறுதியின்மை. ஒரே காலத்தில் எடுக்கப்பட்ட அளவீடு ஆதலின், வேலையின்மை நோயைத் தந்ததா, நோய் வேலையைப் பறித்ததா என்பதை அதிலிருந்து மட்டும் துணிதல் இயலாது. எனினும் பசித்த வீட்டில் உறக்கமின்மை பற்றி வினவுபவர் ஒன்றை மறத்தலாகாது. மனச்சோர்வுக்கு எதிரான மாத்திரையும் ஒரு தேவை. அரிசியும் ஒரு தேவை. அரிசி வேண்டியவருக்கு மாத்திரையை மட்டும் கொடுப்பது, அவருக்கு இழைக்கப்பட்ட அநீதியை அவருடைய நோயாகப் பெயர் மாற்றுவதாகும். திருக்குறளின் மருந்து அதிகாரம் நோயைக் காண்பதோடு நில்லாமல் அதன் முதலையும் தணிக்கும் வாயிலையும் நாடச் சொல்வது இங்கு நினைக்கத்தக்கது. நோயின் முதல் நிலவுரிமையிலும் கூலியிலும் இருக்குமாயின் வைத்தியர் என் செய்வார்? அது தம் துறையன்று எனக் கைகழுவுவதா?

இலங்கையின் அண்மைக்கால வரலாறு இதற்கு ஒரு விடை தருகிறது. 1995இல் இந்நாட்டிற் தற்கொலை வீதம் 100,000 பேருக்கு 47 என்ற உச்சத்தை அடைந்தது. நஞ்சருந்தியோருட் பலர் கைக்கெட்டிய கிருமிநாசினியைக் கணநேர வேதனையில் அருந்தியவர்கள் என்பது வைத்தியசாலைகளில் அறியப்பட்டிருந்தது. 1995இலும் 1998இலும் மிகக் கொடிய கிருமிநாசினிகள் தடைசெய்யப்பட்டன. 2005 அளவில் தற்கொலை வீதம் ஏறக்குறைய அரைவாசியாயிற்று. அத்தனை உயிரையும் காத்ததில் ஆலோசனை அறையைக் காட்டிலும் சட்டத்துக்கே பங்கு பெரிது. ஆயின் அச்சட்டத்துக்கு வேண்டிய அறிவு வைத்தியசாலைக் கட்டிலருகே திரண்டது. 1998இல் நிகழ்ந்த மற்றொரு மாற்றமும் குறிப்பிடத்தக்கது. அதுவரை தற்கொலை முயற்சி தண்டனைக்குரிய குற்றமாயிருந்தது. உண்மை கூறுவது குற்றத்தை ஒப்புக்கொள்வதாகும் ஓரிடத்தில் எவ்வளவு கனிவாகக் கேட்பினும் அது விசாரணையாகவே ஒலிக்கும். வினாவை நேர்மையானதாக்குவதற்கும் சில வேளை சட்டம் மாற வேண்டியிருக்கிறது. ஆகவே, தன் கையில் மருந்தில்லாத நோயைக் கண்ட வைத்தியருக்கும் ஆய்வாளருக்கும் கடன் தீர்ந்துவிடுவதில்லை. மருந்து எவர் கையில் உளதோ அவரிடம், அது பிரதேச செயலகமாயினும் அமைச்சாயினும், கண்டதைக் கொண்டுசென்று வைத்தல் அவர்தம் கடனாகும்.

இனி, விடை எவருக்குரியது என்னும் வினா எஞ்சி நிற்கிறது. புத்தளக் கரையின் முஸ்லிம் மக்கள் வழக்கில் அமானிதம் என்றொரு சொல் உண்டு. ஒருவர் நம்பிக்கையோடு மற்றொருவரிடம் ஒப்படைத்த பொருள் என்பது அதன் கருத்து. பெற்றவர் அதனைக் காக்கலாம், உரியவர்க்குத் திருப்பிக் கொடுக்கலாம், தமதாக்கிக்கொள்ளல் ஆகாது. நோயாளர் அளிக்கும் விடையின் இயல்பை இச்சொல்லினும் செவ்விதாக உணர்த்துவது அரிது. நெருங்கிய குடிசைகளுக்கு நடுவே உரத்த குரலிற் கேட்கப்படும் வினா அமானிதத்தைக் காவாது. வைத்தியர் சிங்களமும் நோயாளர் தமிழும் பேசுமிடத்து, மகனையோ அயலவரையோ மொழிபெயர்க்க நிறுத்துவதும் அதனைக் காவாது. தாய் தன் மகனின் வாயால் இறக்கும் விருப்பத்தை எவ்வாறு ஒப்புவாள்? தாளிற் குறித்த புள்ளியை வேலைக்கோ திருமணத்துக்கோ தடையாக எவரும் எடுத்தாளக்கூடுமாயின் அங்கும் அமானிதம் சிதைகிறது. தமிழறிந்த வைத்தியரும் தாதியரும், மறைவானதோர் அறையும், விடை மறுக்கும் உரிமையும் சலுகைகளல்ல. அவையின்றி வினாவே முறையற்றதாகிறது.

ஆய்வாளரின் கடனும் இத்தகையதே. 450 பேர் தம் வாழ்க்கையின் மிக வருத்தமான பகுதிகளைச் சொன்னார்கள். அவ்விடைகள் ஆங்கில ஆய்விதழ் ஒன்றில் எண்களாகி, உலகின் ஏனைய அகதிகளைப் பற்றிய அறிவுக்கும் துணையாயின. இது பயனற்றதன்று. அக்குழுவின் பணியும் எண்களோடு நிற்கவில்லை. வடமாகாணத்தில் அடிப்படைச் சுகாதார ஊழியரை உளநலக் கவனிப்பிற் பயிற்றும் முன்னோடி முயற்சியொன்றை அவர்கள் மேற்கொண்டு 2016இல் அதன் அனுபவத்தை வெளியிட்டனர். இதிலிருந்து பெறத்தக்க நெறி பொதுவானது. எவரிடமிருந்து அறிவு பெறப்பட்டதோ அவர்தம் மொழியில், அவர்க்கு விளங்கும் வகையில் அது திருப்பிக் கொடுக்கப்படல் வேண்டும். பல்கலைக்கழகங்களில் வினாக்கொத்துக்களைத் தயாரித்துக் கிராமங்களுக்குச் செல்லும் மாணவர்க்கு இது மிகவும் பொருந்தும். பட்டத்துக்காகக் கேட்கப்பட்ட வினாவும் வினாவே. பட்டம் கிடைத்தவுடன் அதன் கடன் தீர்வதில்லை.

கேளாதிருத்தல் எளிது, கேட்டுவிட்டுச் செல்லுதல் அதனினும் எளிது. முன்னது புறக்கணிப்பு, பின்னது புறக்கணிப்போடு வாக்குத் தவறுதலும் சேர்ந்தது. உலக சுகாதார நிறுவனம் 2008இல் உளநல இடைவெளியைக் குறைக்கும் திட்டத்தைத் தொடங்கியது. இலங்கை 2005இலேயே, கடற்கோளின் மறு ஆண்டில், உளநலக் கவனிப்பைப் பெரிய மனநோய் வைத்தியசாலைகளிலிருந்து மாவட்டங்களுக்குக் கொண்டுசெல்லும் கொள்கையை ஏற்றது. கொள்கை மாவட்டத்தைச் சென்றடைவது ஒன்று. வரிசையின் இறுதியில் நிற்கும் ஒருவரைச் சென்றடைவது மற்றொன்று. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட தூரத்தை அளக்க ஓர் எளிய அளவுகோல் உண்டு. உறக்கம் எப்படி என்று இன்று கேட்டவர், அடுத்த மாதம் அதே நோயாளர் வரும்போது அவ்விடையை நினைவில் வைத்திருக்கிறாரா என்பதே அது. நினைவில் வைத்திருக்க இடந்தராத ஒழுங்கு, வினாத்தாள்களை எத்துணை அச்சிட்டாலும் எவரையும் கேட்டதாகாது.